சிவப்புக் கிற்றாரை வேண்டாமெண்ட ரீச்சர்

எனக்கு ஒழுங்காய் எழுத வராது. அஞ்சாம் வகுப்போடை நிண்டவள். மறதியும் கூட. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. கோப்பாயிலை ஒரு வாத்தியக் கடையிலை கிற்றாருக்குக் கம்பி மாத்திறதுதான் கனகாலமாய் என்ரை வேலை. வாற சனத்தோடை கதைக்கக் கூச்சம். குனிஞ்ச தலை நிமிராமல் வேலை செய்வன். அண்டைக்கு மட்டும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தன்.

1. காலுக்கு ஒரு வாளி

வசந்தி ரீச்சர் உடுப்பிட்டியிலை பிள்ளைகளுக்குக் கிளாசிக்கல் கிற்றார் பழக்கிறவ. நைலோன் நரம்பும் அகலக் கழுத்தும்தான் அவவின்ரை கைக்குப் பழக்கம். வல்வெட்டித்துறையிலை கோயில் திருவிழாக்களுக்கு வாசிக்கிற ஒரு இசைக்குழுவிலை சேர அவவுக்குச் சரியான ஆசை. குழுவை நடத்திற குகன், "எலெக்ட்ரிக் கிற்றார் வாசிச்சுக் காட்டினால்தான் எடுப்பன்" எண்டு சொல்லி, தானும் கூடவே கடைக்கு வந்திட்டார்.

முதலாளி பளபளவெண்ட சிவப்புக் கிற்றாரை நீட்டினார். ரீச்சர் கதிரையிலை இருந்து, "கால் வைக்க ஏதும் இருக்கோ?" எண்டு கேட்டா. நான் வாளியைக் கவிழ்த்து வைச்சன். இடது காலை அதிலை தூக்கி வைச்சு, தொடையிலை கிற்றாரை நிறுத்தினா.

"என்ன ரீச்சர், மாடு கறக்கப் போறியளோ?" எண்டு குகன் சிரிச்சார்.

"கறந்து பாத்தால்தானே தம்பி பால் இருக்கோ எண்டு தெரியும்."

2. சுருதி ஏறினது

சத்தத்தைக் கூட்டிற அம்ப் பெட்டியிலை வயரைக் குத்தி வாசிச்சா. எனக்கே காது கூசிச்சுது. சுருதி சேரேல்லை. ட்யூன் பண்ணினது நான். பிழை என்ரையோ எண்டு பயந்து போனன்.

"உது சரிவராது ரீச்சர். நான் வேறை ஆளைப் பாக்கிறன்" எண்டு குகன் எழும்பினார்.

"கொஞ்சம் பொறுங்கோ."

ரீச்சர் ஒரேயொரு கம்பியை மெல்ல அமத்தித் தட்டினா. பிறகு பலமாய் அமத்தித் தட்டினா. பலமாய் அமத்தேக்கை சுருதி ஏறிச்சுது. மைக் இல்லாமல் வகுப்பு முழுக்கக் கேக்க வாசிச்ச கை அது. மெல்லிய இரும்புக் கம்பியை வளைச்சுப் போட்டுது.

"பிழை என்ரை கையிலை. சத்தம் போடுறது இந்தப் பெட்டியின்ரை வேலை" எண்டு அம்ப் பெட்டியைக் காட்டினா. "இதிலை விரலும் ஒண்டோடை ஒண்டு முட்டுது. கழுத்து அகலமாய் ஒண்டு இருக்கோ?"

மூலையிலை ஒருத்தரும் தொடாமல் கிடந்த மண்ணிற எலெக்ட்ரிக் கிற்றாரை முதலாளி எடுத்தார். "அக்கா, கம்பியைக் கொஞ்சம் தடிப்பாய்ப் போட்டுத் தாறியளோ?" எண்டு ரீச்சர் என்னைக் கேட்டா. போட்டுக் குடுத்தன்.

எத்தினை பிள்ளைகளுக்குப் பழக்கினவ! எங்கள் எல்லாருக்கும் முன்னாலை, முதல் நாள் வந்த பிள்ளை மாதிரி ஒவ்வொரு கம்பியாய்த் தடவித் தொடங்கினா. பிறகு ஒரு பாட்டை மெல்ல வாசிச்சா. குகன் தன்னை அறியாமல் திரும்ப இருந்திட்டார்.

"மேடையிலை சிவப்புத்தானே ரீச்சர் எடுப்பாய் இருக்கும்" எண்டார் முதலாளி.

"அதுக்கு நான் சிவப்புச் சீலை உடுத்திறன். இதைத் தாங்கோ."

"வெள்ளிக்கிழமை பழக வாங்கோ" எண்டார் குகன். அந்த நேரம் அவர் சிரிக்கேல்லை.

3. நான் பழகினது

அதுக்குப் பிறகு கிளாசிக்கல் வாசிச்சவை ஆர் வந்தாலும் கூச்சத்தை விட்டுச் சொல்லுவன்: முதல் கழுத்தைப் பிடிச்சுப் பாருங்கோ, மெல்ல அமத்துங்கோ, நிறத்தைப் பிறகு பாக்கலாம். வாளியும் அந்தக் கதிரைக்குக் கீழைதான் இருக்குது.

தடிச்ச கம்பி லேசிலை வளையாது எண்டது எல்லாக் கிற்றாருக்கும் பொருந்துமோ எண்டு எனக்கு வடிவாய்த் தெரியாது. வாசிக்கத் தெரிஞ்ச ஆரும் ஒருக்கால் பாத்துத் திருத்தி விடுங்கோ.