கண்மலருக்காகக் காத்திருந்த நாட்கள்

நாங்கள் எடப்பாடியில் இருந்தோம். என் கணவர் தறி நெய்பவர். செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்திருந்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில், கூலி உயர்வு கேட்டு நெசவாளர்கள் தறிகளை நிறுத்தியிருந்தபோதுதான் எங்கள் மூன்று வயது மகளுக்கு அம்மை போட்டது.

வேப்பிலை போட்டுத் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றியபோது கொப்புளங்கள் உதிர்ந்திருந்தன. ஒரு கண் மட்டும் சிவந்து, நீர் வடிந்துகொண்டே இருந்தது. அம்மை இறங்கிய பிள்ளையைக் கோயிலில் காட்டாமல் மருந்து தொடக் கூடாது, ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பார்கள். எட்டாவது வரை படித்த நான் அதை நம்பினேனா? சொல்லத் தெரியவில்லை. மீறத் துணிவில்லை. மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் வைப்பதாக வேண்டிக்கொண்டு, தேங்காய்த் தட்டோடு போனேன்.

கோயில் தர்மகர்த்தாதான் எங்களுக்கு நூல் கொடுக்கும் முதலாளி. தட்டை வாங்க வந்த பூசாரியைக் கையமர்த்தினார்.

"ஏனம்மிணி, உங்கூட்டுக்காரரு சாமியே இல்லீங்கறாரு. நீ தட்டத் தூக்கிட்டு வாரே?"

"கொழந்தைக்குங்க. கண்ணு..."

"அதுக்குத்தான் சொல்றேன் அம்மிணி. கொடிய அவுத்துப் போட்டுட்டுத் தறியில ஒக்காரச் சொல்லு. அப்பறம் தட்டு வாங்கலாம்."

"ஆத்தா கட்டியிருக்கறதும் செவப்புச் சீலைதானுங்களே" என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள். யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

வீட்டில் சொன்னேன். கணவர் கொதித்தார். "கல்லுக்குக் கண்ணு வெச்சா புள்ளைக்கு நல்லாயிருமா? சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நாளைக்கேங்களா?"

"நாளைக்கு ஊர்வலம். நான் இல்லீனா நாலு பேரு தறிக்குத் திரும்பிருவான். ஞாயித்துக்கெழமைக் கூட்டம் முடியட்டும்."

கோயிலில் கேட்ட அதே கண்டிப்பு அந்தக் குரலிலும் இருந்தது. அப்படி நினைத்ததற்காக உடனே என்னைத் திட்டிக்கொண்டேன். ஊர்ப் பிள்ளைகளின் கஞ்சிக்காகத்தானே அவர் பட்டினி கிடக்கிறார்? நானே பஸ் ஏறியிருக்கலாம். எல்லை தாண்டி மற்றக் கண்ணும் போய்விட்டால் என்று பயந்தேன். மறுபடி இரண்டு முறை கோயில் வாசலில் போய் நின்றேன். இரண்டு முறையும் அதே பதில்.

திங்கட்கிழமை கணவரே எங்களைச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார். கருவிழி மேல் வெள்ளை படர்ந்திருந்தது.

"இத்தனை நாள் என்னம்மா பண்ணீங்க? இனி இந்தக் கண்ணுல பார்வை வராது."

திரும்பும் பஸ்ஸில் கணவர் மெதுவாகக் கேட்டார். "அன்னைக்கே நீ ஏம் புள்ள கண்டிசனாச் சொல்லுல?"

சொன்னேன் என்றுதான் நினைவு. கண்டிப்பாகச் சொல்லவில்லையோ?

அடுத்த மாதம் சமரசம் பேசத் தர்மகர்த்தா எங்கள் வீட்டுக்கே வந்தார். அவரும் என் கணவரும் ஒரே பாயில் உட்கார்ந்து, முழத்துக்கு என்ன கூலி என்று பேசி முடித்தார்கள். குழந்தை தூணில் இடித்துக்கொண்டு அழுதபோது ஒரு கணம் பேச்சு நின்றது. பிறகு தொடர்ந்தது. நான் இருவருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை.