மஞ்சள் தொப்பிக்குப் பின்னால்

சுற்றுலாவுக்கு ஆள் கூட்டிப் போகும் தொழிலில் கூட்டிப் போவது எளிது. அத்தனை பேரையும் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதற்குத்தான் சம்பளம். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள், சொந்தக்காரர்களைத் திருவிழாவுக்கு அழைத்துப் போன ஒரு நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

புதுக்கோட்டையில் ஒரு சிறிய டிராவல்ஸில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் முடியப்போகிறது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இந்த முறைதான் தனியாக ஒரு குழுவை என்னிடம் ஒப்படைத்தார்கள். வியட்நாமில் ஆற்றங்கரையில் இருக்கும் ஹோய் ஆன் என்ற பழைய ஊர். கிளம்பும்போது முதலாளி சொன்னது ஒன்றுதான். குழுவில் வரும் இலுப்பூர் உரக்கடை சிவசாமி அண்ணன் மனம் நிறைந்து திரும்பினால் எனக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியது.

ஆளில்லாத பாலம்

ஹோய் ஆன் அழகான ஊர் என்பதில் சந்தேகமில்லை. மஞ்சள் சுவர்கள், ஓட்டுக் கூரைகள், தெருவுக்குக் குறுக்கே காகித விளக்குகள். அதைப் பார்க்க உலகமே வந்திருந்தது என்பதுதான் சிக்கல். எங்கள் குழுவில் வந்த ஆவூர் சவரியம்மா டீச்சருக்குக் கூரை போட்ட பழைய பாலத்தின் முன்னால் ஒரு படம் வேண்டும். படத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது.

வெயிலில் வெகுநேரம் நின்றோம். ஒரு கூட்டம் நகர்ந்தால் அடுத்தது வந்தது. கடைசியில், டீச்சரின் பட்டுச்சேலையைப் பார்த்த நாலைந்து வெளிநாட்டுப் பெண்கள் அவரை நடுவில் நிறுத்திப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். எல்லாம் முடிந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே டீச்சர் சொன்னார்: "பாலத்தைப் பாக்க வந்தவுகள்லாம் என்னையப் பாத்துட்டுப் போறாக. எனக்கும் ஒரு டிக்கெட்டு போட்டுரு பாப்பா."

படகு சவாரி

ஆற்றில் விளக்குப் படகு சவாரி எங்கள் பயணத் திட்டத்தில் உண்டு. கோட்டைப்பட்டினம் ஜமால் பாய் மட்டும் கரையிலேயே நின்றார். வாழ்நாளில் பாதியைக் கடலில் கழித்தவர்; இப்போது இரண்டு படகுகளுக்குச் சொந்தக்காரர். ஒருவர் ஏறாவிட்டாலும் அது குறையாகப் பேசப்படும் என்று நான் கெஞ்சி ஏற்றினேன்.

ஆற்றில் தண்ணீரைவிடப் படகுகள் அதிகமாகத் தெரிந்தன. ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நகர்ந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தோம். பாய் முகம் மாறாமல் இறங்கினார். பிடித்திருந்ததா என்று கேட்டேன். "எங்க ஊர்ல போட்டுல ஏறுனா கூலி குடுப்பாக. இங்க நம்ம குடுத்துட்டு இடிபடணும். பரவால்ல, பாப்பா கூப்புட்டுச்சு, ஏறுனேன்."

இங்கிட்டுத்தான்

பொழுது சாய்கிற நேரம். எல்லாரையும் ஒரு காப்பிக் கடை வாசலில் உட்காரவைத்திருந்தேன். சிவசாமி அண்ணன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். நம் ஊரில் கிளம்புகிறவரைப் பார்த்து 'எங்கே' என்று கேட்கக் கூடாது. போகிற காரியம் விளங்காது என்பார்கள். பட்டம் வாங்கினாலும் நாக்குக்கு அது தெரியும். அதனால் நாம் எல்லாரும் கேட்பது போல, தூரமாண்ணே என்று மட்டும் கேட்டேன். இங்கிட்டுத்தான் என்றார். எனக்கும் அது போதுமானதாக இருந்தது.

இருட்டத் தொடங்கியும் அவர் வரவில்லை. அழைத்துப் பார்த்தால், அவருடைய போன் டீச்சரின் கைப்பையில் அடித்தது. மற்றவர்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, எங்கள் டிராவல்ஸ் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரை முழுக்க ஓடினேன். ஒவ்வொரு சந்திலும் என் வேலை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. வேலை போனால் போகிறது, மனிதர் கிடைத்தால் போதும் என்ற இடத்துக்கு வந்தபோது, கரையோரம் மஞ்சள் தொப்பிகள் தெரிந்தன. எங்கள் குழுவுக்கு நாங்கள் கொடுத்த தொப்பியின் அதே நிறம். ஆனால் திண்டுக்கல் பக்கத்துக் குழு. அவர்களை அழைத்து வந்த பையன் ஒரு தலை கூடுதலாக வருகிறதே என்று திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தான்.

கூடுதல் தலை நடுவில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கழிப்பறை தேடிப் போனவர், கூட்டத்தில் மஞ்சள் தொப்பியைப் பார்த்து அதன் பின்னாலேயே போயிருக்கிறார். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அண்ணன் நிதானமாக வாங்கிக்கொண்டு சொன்னார்: "புளியோதரைல உப்பு சரியா இருந்துச்சு. அப்பவே நெனச்சேன், இது நம்ம குரூப்பு இல்லையேன்னு."

முதலாளியின் கேள்வி

யாரோ சொல்லித் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது என்று பேருந்தில் ஏறியதும் முதலாளியை அழைத்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன், புளியோதரை உட்பட. ஒருவர் எழுந்து போனால் எங்கே என்று கேட்கத் தெரியாதா என்றார். கிளம்புகிற ஆளை எப்படி சார் கேட்பது என்றேன்.

முதலாளி பொன்னமராவதிக்காரர்; அவருக்கும் அந்த வழக்கம் உண்டு. குரல் இறங்கி வந்தது: "நானா இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்தான். ஆனா சம்பளம் வாங்குறது நீயில்ல?"

திருச்சி விமான நிலையம்

வேனோடு முதலாளி வந்து நின்றார். சிவசாமி அண்ணனிடம் நேராகப் போய்ப் பயணம் எப்படி இருந்தது என்று விசாரித்தார். நான் பெட்டிகளை அடுக்குகிற மாதிரி அங்கேயே நின்றேன். ஒரே பெட்டியைத்தான் எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் முதலில் கூட்டத்தைச் சொன்னார், அப்புறம் வெயிலை, அப்புறம் உப்பை.

பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "காணாப் போனவன் நானு. ஓடியாந்து நின்ன புள்ள, எங்க போனீகன்னு ஒரு சொல்லு வையலப்பா. தண்ணியக் குடுத்துச்சு. அடுத்த மாசம் எங்க கடைவீதி ஆளுக பூராம் அதே ஊருக்குக் கெளம்புறாக. இந்தப் பாப்பாவையே அனுப்பு."

வேலை நிரந்தரமாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தை, அடுத்த மாதம் அந்தக் கூட்டத்தில் எங்காவது உட்கார இடம் கிடைத்தால் அனுபவித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.