வெள்ளிக்கிழமை பறித்த இலைகள்

திருப்பனந்தாள் பக்கத்தில் கூலிக்கு நாற்று நட்டு, பிறகு சொந்தமாக நிலம் வாங்கிய வீரையனின் மகள் எழில்மொழி, தஞ்சாவூரில் புள்ளியியல் பேராசிரியை ஆகப்போகிறாள் என்று ஊரே பேசிக்கொண்டது. ஆகாமல் என்ன? ஜீன் கணக்குகளில் மெய் எது, பொய் எது என்று பிரித்துச் சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வறட்சி தாங்கும் நெல்லையும் சாதா நெல்லையும் ஒப்பிட்டு அவள் எழுதிய கட்டுரையைப் பெரிய இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டிருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி, நேர்காணலும் அடுத்த மாதமே.

அச்சுக்குப் போகுமுன் கடைசியாக ஒருமுறை படம் போட்டுப் பார்த்தாள். இலைகளைப் பறித்த வரிசையில் அடுக்கியதும் படம் வேறு கதை சொன்னது. ரகத்துக்கு ரகம் மாறுவதாக எழுதியிருந்த ஜீன்களின் செயல்பாடு, ஒரே ரகத்துக்குள்ளேயே முதல் இலையிலிருந்து கடைசி இலைவரை ஏறிக்கொண்டே போனது. இது ரகமா? நேரமல்லவா!

அப்பாவின் வயலில் இலை பறித்த மாணவி நிலோஃபரைக் கூப்பிட்டாள்.

"ரெண்டு ரகத்தையும் ஒரே நேரத்துலதானே பறிச்சீங்க?"

"இல்ல மேடம். ஒண்ணு காலையிலேயே முடிஞ்சிருச்சு. அடுத்ததுல இறங்கப் போனோம், உங்க அப்பா விடல. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம், எம் பொண்ணு ஆராய்ச்சி நல்ல நேரத்துல நடக்கட்டும்னு மோரு குடுத்து உக்கார வச்சுட்டாங்க. பன்னெண்டுக்கு மேலதான் பறிச்சோம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "யாருக்கு மேடம் தெரியப்போவுது?" என்றாள்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியா?"

அன்றே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினாள். விஷயத்தைக் கேட்ட வீரையன் தலையில் கைவைத்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னாலதான் கெட்டுச்சா? வேலை?"

"இந்த வருசம் கிடைக்காதுப்பா."

அவளுக்கும் வருத்தம்தான். ஆனால் அதையும் மீறி வேறொன்று மனதை இழுத்தது. கண்ணில்லை, காதில்லை, சேற்றில் நிற்கிற பயிர். அதற்குள் ஆயிரக்கணக்கான ஜீன்கள் பொழுது ஏற ஏற வேலை மாற்றிக்கொள்கின்றன! வகுப்பில் பாடமாகச் சொன்னவள்தான். அப்பாவின் வயலில், தன் கணக்கில், அது கண்ணெதிரே வந்து நிற்குமென்று நினைத்தாளா? அம்மாடி!

குனிந்து ஓர் இலையைத் தொட்டாள். "அப்பா, இப்ப என்ன பொழுதுன்னு இதுக்குத் தெரியும்."

"நெசமாவா?"

"சத்தியமா. கணக்குல வந்துருச்சு."

வீரையன் மெல்ல எழுந்தார். வாய்க்கால்வரை விரிந்து கிடந்த பயிரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் பார்த்தார். "இத்தனைக்குமா?"

"ஒவ்வொரு இலைக்கும்ப்பா."

அவரும் குனிந்து ஓர் இலையைத் தொட்டார். பிறகு மகளைப் பார்த்து, "அப்போ அதுக்குப் போயி நான் நேரம் பாத்துச் சொன்னேனே, தாயி!" என்றார்.