அமாவாசையன்று எடுத்த படம்

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு வேலை, செயற்கைக்கோள் படங்களை வைத்து அடையாறு முகத்துவாரத்தில் பறவையும் நண்டும் பிழைக்கும் இடம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று சொல்வது. மூன்று வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையதில் சேற்றுத்திட்டு பரந்து கிடந்தது. அந்த வருடத்துப் படத்தில் அங்கே வெறும் தண்ணீர். 'சேறு அழிந்துவிட்டது' என்று எழுதி, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அந்த இடத்தில் மண் கொட்டி மேடாக்க ஒரு திட்டம் காத்திருந்தது. காப்பாற்ற ஒன்றுமில்லை என்று நாங்கள் சொல்லிவிட்டால் லாரிகள் வந்துவிடும்.

அறிக்கை போவதற்கு முன், ஒப்புக்கு ஒரு தடவை நேரில் பார்க்கலாமென்று போனேன். பட்டினப்பாக்கத்துப் பெண் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், கணுக்கால் சேற்றில் நின்று நண்டு பிடித்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் என்று எழுதிய அதே இடம். படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். தன் பிழைப்பு போகப்போகிறது என்பது அவளுக்கு உடனே புரிந்தது.

திட்டுவாள் என்று நினைத்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, படம் எடுத்தது என்ன நாள் என்று கேட்டாள். காலையில் எடுத்தது என்று சொல்லிப் பாக்கெட் டைரியைப் புரட்டினேன். அமாவாசை.

"அன்னிக்குக் காலீல தண்ணி மேல ஏறிக்கினு இருந்துருக்கும் சார். சேறு அடியில கீது."

பழைய படத்தின் தேதியை வீட்டில் பஞ்சாங்கத்தில் பார்த்தேன். அஷ்டமி, தண்ணீர் அதிகம் ஏறாத நாள். வெட்கமாகிவிட்டது. அந்த அமாவாசையன்று அப்பா தர்ப்பணம் முடிக்கத் தாமதமாகி, மயிலாப்பூரிலிருந்து நான் வெறும் வயிற்றோடு ஆபீசுக்குப் போயிருந்தேன். திதி பார்த்தே சாப்பிடுகிற வீட்டில் பிறந்தும், கடலுக்கும் அதே கணக்குதான் என்று என் மண்டையில் உறைக்கவில்லை. கம்ப்யூட்டரும் நானும் ஒரு மாதம் முட்டிக்கொண்டதை அவள் அரை நிமிடத்தில் தீர்த்துவிட்டாள். என்ன மூளை அது! இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

மேலதிகாரி நம்பவில்லை. நண்டு பிடிக்கிறவள் சொன்னதற்காக அறிக்கையை மாற்றுவதா என்றார். மறுநாள் அவரையே கூட்டிப்போனேன். ஜீப்பிலிருந்து இறங்கி, திட்டில் நாலடி வைத்தவர் முழங்கால் வரை புதைந்துபோனார். அவள்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். கரையேறியதும், பேனா வாங்கி அந்த வரியை அவரே அடித்தார்.

சேறு அறிக்கைக்குத் திரும்பி வந்துவிட்டது, இனி பயமில்லை என்று அவளிடம் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

"அது எங்க சார் போச்சு, திரும்பி வர்றதுக்கு? நீங்கதான் இப்ப வந்துகீறீங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு தண்ணீரோரம் நடந்தாள்.