ஒரு பக்கம் தகரம் அடித்த தெருவிளக்கு

பிரசிடெண்ட் போய்விட்டார்.

காலையில் அவர் பேரன் போன் செய்தான். தொண்ணூறு தாண்டியவர்தான்... ஆனாலும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

எந்த பிரசிடெண்ட் என்று கேட்பீர்கள். எங்கள் பேட்டை முனிசிபாலிட்டியோடு சேருவதற்கு முன்னால், அறுபதுகளில், தனிப் பஞ்சாயத்து. அதன் கடைசித் தலைவர் அவர். நான் அவரிடம் கிளார்க்.

எல்லை எங்கே தெரியுமா? திருமயம் பஸ் திரும்பும் தெருவுக்கு நட்டநடுவே! இந்த வரிசை பஞ்சாயத்து, எதிர் வரிசை முனிசிபாலிட்டி.

எங்கள் பக்கம் முதல் ட்யூப் லைட் எரிந்த அன்று எல்லோரும் கை தட்டினோம். பிரசிடெண்ட் முகம் மட்டும் வாடிவிட்டது. பாதி வெளிச்சம் எதிர் வரிசைக்குப் போகிறதாம்...

மறுநாளே லைட்டுக்கு அந்தப் பக்கம் தகரம் அடித்துவிட்டார்.

எதிர் வீடு யாருடையது? அவருடைய சொந்தத் தங்கை வீடு.

"அண்ணே, என் வாசல் இருட்டா கெடக்குண்ணே!"

"ஒன் முனிசிபாலிட்டிகிட்ட கேளு ஆத்தா. இது எங்க வரிப்பணம்."

அப்புறம்தான் வந்தது வினை. பஞ்சாயத்தை முனிசிபாலிட்டியோடு சேர்க்கலாமா என்று விசாரிக்க திருச்சியிலிருந்து ஒரு ஆபீசர் வந்தார். அப்போது நாம் திருச்சி ஜில்லா.

பிரசிடெண்டுக்குத் தூக்கமே இல்லை. பதவி போகிற கவலை இல்லை அவருக்கு... ஊர் பெயரே அழிந்துவிடும் என்ற பயம்.

விசாரணை நன்றாகத்தான் போனது. இருட்டியதும், "நம்ம லைட்டையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருங்க சார்" என்று பெருமையாக அழைத்துப் போனார்.

ஆபீசர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே தகரத்துக்கு அந்தப் பக்கம் போனார்... தொபுக்கடீர்! சாக்கடை.

பிரசிடெண்ட் பதறிப்போய்ச் சொன்னது இதுதான்: "சார்... நீங்க விழுந்தது முனிசிபாலிட்டிங்க! நம்ம எல்லையில ஒண்ணும் ஆகலைங்க!"

தங்கைதான் ஓடிவந்து கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார். "எல்லாம் எங்கண்ணன் அடிச்ச தகரத்தால சார்" என்று விளக்கமும் கொடுத்தார்.

பஞ்சாயத்தை முனிசிபாலிட்டியோடு சேர்த்துவிட்டார்கள்.

உத்தரவு வந்த அன்று சாயங்காலம் நான் ஏணியைப் பிடித்துக்கொள்ள, பிரசிடெண்டே ஏறித் தகரத்தைப் பிடுங்கினார். எதிர் வாசல் பளிச்சென்று ஆனது.

"இப்பவாச்சும் மனசு வந்துச்சேண்ணே" என்றார் தங்கை.

"மனசெல்லாம் வரல. இனிமே அங்கிட்டும் நம்ம ஊருதான..."

ரொம்ப நேரம் ஏணியை விட்டு இறங்கவில்லை. கீழே நின்ற எனக்கும் அழுகை வந்தது.

இன்று சாயங்காலம் அந்தத் தெரு வழியாகத்தான் அவரை எடுத்துப் போகிறார்கள்.

போயிட்டு வாங்க பிரசிடெண்ட். நடுத்தெருவுலயே போங்க... கேக்க ஆளில்ல.