கேட்டதைக் கொடுங்கள்

என் வீட்டுக்காரரை ஊரில் எல்லோரும் தங்கமான மனுஷர் என்பார்கள். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் மேஸ்திரி. தொட்டியில் இறங்கித் தோல் அலசுகிறவர்களிடம்கூடக் கடிந்து பேசியதில்லை. எல்லாம் உண்மைதான். அந்தத் தங்கம் எனக்குச் செய்த துரோகத்தைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் மூத்த பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. ஒரு நாள் பாவாடை நாடா இடுப்பைச் சுற்றி எட்டவில்லை. சதை போட்டிருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன், முட்டாள். தொட்டுப் பார்த்தால் இடது விலாவுக்குக் கீழே மாங்கொட்டை மாதிரி கெட்டியாக ஏதோ இருந்தது. குடியாத்தம் போய் ரயில் பிடித்து, காட்பாடியில் இறங்கி, ஜட்கா வண்டி வைத்து வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வயிற்றைத் திறந்து பார்த்துத் தைத்தார்கள்.

தையல் பிரித்த அன்று டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். குழந்தை என் முந்தானையை விடவில்லை. வீட்டுக்காரர் மட்டும் டாக்டரம்மாவோடு வராந்தாவுக்குப் போனார். திரும்பி வந்து, கட்டியை எடுத்தாச்சு, ஊருக்குப் போகலாம் என்றார். பத்தியம் என்ன என்று கேட்டேன்.

"அதெல்லாம் உனக்குத் தெரியாததா? பாத்துக் குடு" என்றார்.

பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். குழைந்த சோறு, புளி இல்லாத மிளகு ரசம், வறுத்த உப்பு. வேர்க்கடலை பித்தம், கருவாடு கூடாது, சீத்தாப்பழம் குளிர்ச்சி. அது சீத்தாப்பழக் காலம் வேறு. மலையிலிருந்து கூடை கூடையாக இறக்கித் தெருவில் கூவி விற்பார்கள். கூடை தெருமுனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரே ஒரு சுளை போதும் என்று கெஞ்சுவாள். நான் மசியமாட்டேன். மூக்கைப் பிடித்துக் கஷாயம் ஊற்றியிருக்கிறேன். கையைத் தட்டிவிட்டு அழுவாள், அழட்டும் என்று இருப்பேன்.

ஏனென்றால் எனக்கு நம்பிக்கை இருந்தது. ஒரு நாள் அவளாகவே கிணற்றடி வரைக்கும் நடந்து வந்தாள். பத்தியம் வேலை செய்கிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் அவர் வந்து கால் கழுவும்போது, இன்றைக்கு என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள் என்று ஒன்று விடாமல் சொல்வேன். சரி சரி என்பார். அடுத்த வருஷம் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்றுகூடப் பேசினோம். அவர் சும்மா தலையாட்டியிருக்கலாம். என்னோடு வாக்குவாதமே செய்தார்.

ஒரு காலையில் பெருக்கும்போது அவள் பாய்க்கு அடியில் சீத்தாப்பழக் கொட்டைகள் கிடந்தன. கழுவித் துடைத்து ஒளித்து வைத்திருந்தாள். யார் கொடுத்தது என்று கேட்டு முதுகில் ஒன்று வைத்தேன். வாயே திறக்கவில்லை. தெருவில் கேட்டதற்கு, அப்பாதான் தோளில் தூக்கிக்கொண்டு போய் வாங்கிக் கொடுக்கிறார் என்றார்கள். பெற்ற பிள்ளைக்கு விஷம் வைக்கிறீர்களா என்று அவரிடம் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான், இனிமே குடுக்கல" என்றார். நானும் நம்பினேன். அன்றிலிருந்து அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டுதான் ஒவ்வொரு வாயும் விழுங்கினாள்.

பழக்காலம் முடிகிற சமயம் வயிறு மறுபடி வீங்கியது. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். படுக்கை விரித்த நர்ஸம்மா பழகிய முகம். குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"பாவம், கேக்கறதெல்லாம் வாங்கிக் குடுத்தீங்களாம்மா? அன்னிக்கே ஐயாகிட்ட சொன்னாங்களே."

கேட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் எங்கள் பக்கத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை. பிள்ளை பிழைக்காது, நாக்குக்காவது குறை வைக்காதீர்கள் என்று அர்த்தம். கட்டியை எடுக்கவே முடியவில்லை என்பதையும் அந்த நர்ஸம்மாதான் சொன்னார்.

வராந்தாவில் நின்றிருந்தவரிடம் போய் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"நீ தாங்கமாட்டேன்னுதான் சொல்லல. நீ தைரியமா இருந்தாத்தானே கொழந்தயும் தைரியமா இருக்கும்?" என்றார். அழுதார்.

எனக்கு அழுகை வரவில்லை. "அவ கேட்டதுக்கெல்லாம் என்னை வேணாம்னு சொல்ல விட்டுட்டு நீங்க மட்டும் குடுத்துக்கினு இருந்தீங்களே" என்றேன். என் பிள்ளைக்கு ஆசையாக ஒன்றை ஊட்டுகிற பாக்கியம் எனக்கும் இருந்தது. அதை அவர் தனியாக அனுபவித்துவிட்டு, கஷாயத்தை என்னிடம் விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கூடைக்காரி இருந்தாள். நன்றாகப் பழுத்த சீத்தாப்பழமாகப் பார்த்து வாங்கி வந்து, கட்டிலில் உட்கார்ந்து பிளந்தேன். கொட்டையை எடுத்துவிட்டு ஒரு சுளையை அவள் உதட்டருகே கொண்டுபோனேன். அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். சாப்பிடு கண்ணு, அம்மாதான் தருகிறேன் என்றேன். கால்மாட்டில் நின்ற அப்பாவைப் பயத்தோடு பார்த்தாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் என் முன்னால் விரித்துக் காட்டினாள்.

"நான் ஒண்ணும் சாப்பிடலம்மா. அப்பா எதுவுமே குடுக்கல" என்றாள்.