பம்பு நல்லாத்தான் இருக்கு

கட்டிலும் சமையல் மேடையும் வைத்த அந்த வீட்டு வேனில் யார் குழாயைத் திறந்தாலும், ஓய்வுபெற்ற மேலாளர் ஒரு விரலை உயர்த்துவார். குழாயை மூடி, கட்டிலுக்கடியில் பம்பு அடங்கிய பிறகே விரல் இறங்கும். "திறந்தா அழுத்தம் குறையும், பம்பு ஓடும். மூடினா அழுத்தம் ஏறும், தானா நின்னுடும்" என்று விருந்தாளிகளுக்குப் பாடம் வேறு.

ஒருநாள் யாரும் குழாயைத் தொடாமலே பம்பு நிமிடத்துக்கொரு தடவை உறுமியது.

"மூச்சு விடுது, அவ்வளவுதான்" என்றார்.

மனைவி கட்டிலுக்கடியில் கைவிட்டுப் பார்த்தாள். சொதசொதவென்று ஈரம். "இது சரியாகலேன்னா நாளைக்கு நீங்க மட்டும் ஊர் சுத்துங்க. நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

வந்த மெக்கானிக் பம்பைத் தொடவே இல்லை. பக்கத்தில் விரிசல் விட்டிருந்த பிளாஸ்டிக் இணைப்பைக் காட்டினார்.

"பம்பு நல்லாத்தான் இருக்கு சார். இங்க கசியுது, அழுத்தம் குறையுது, அது பாவம் ஓடுது. இத கையால முடுக்கினாப் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கின புத்திசாலி யாரு?"

"பழைய ஓனர்" என்றார் மேலாளர், கண் இமைக்காமல்.

புது இணைப்பு மாட்டி முடிந்ததும், மனைவி கணவரின் ஸ்பேனரை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "சரி, நாளைக்கு நானும் ஊர் சுத்த வரேன்" என்றாள்.

வேனைப் புத்தம் புதிதாக வாங்கியவரே மேலாளர்தான் என்பது மெக்கானிக்குக்குப் பிறகுதான் தெரிந்தது.